மருந்து தனி

சாப்பிட்டு முடித்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம், அதுவரை தண்ணீர் தவிர எதுவும் கூடாது, வெளியே போய் நடக்கவும் கூடாது என்று சொல்லித்தான் லேப் பெண் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறாள். எட்டு பத்துக்குச் சாப்பிட்டு முடித்தேன், பக்கத்து ஓட்டலில், மூன்று இட்லி. இரண்டு என்றுதான் சொல்ல நினைத்தேன், வாய் மூன்று என்றது. ஆக, பத்து பத்துக்கு இரண்டாவது ரத்தம். முதல் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டிய பஞ்சு முழங்கை மடிப்பில் இன்னும் இருக்கிறது. குத்துவதற்கு முன்னால் மூன்று தடவை தட்டித் தட்டி நரம்பைத் தேடினாள், "உங்களுக்கு நரம்பு கொஞ்சம் உள்ள இருக்குங்க மேடம்" என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது வேறு மாதிரி காதில் விழுந்தது. உறையூரில் எங்கள் தெருவிலேயே ஒரு லேப் இருக்கிறது, அங்கே போனால் கம்பவுண்டரிலிருந்து எதிர்வீட்டு மாமி வரைக்கும் எல்லாருக்கும் தமயந்தி எதற்கு ரத்தம் கொடுத்தாள் என்று தெரிந்துவிடும், அதனால்தான் தில்லைநகர் வரைக்கும் வந்தேன். வீட்டில் ஆடிட் என்று சொல்லியிருக்கிறேன். கூட்டுறவு வங்கியில் இருபத்திரண்டு வருஷ வேலையில் என் கணவர் கருணாகரன் மேற்கொண்டு எதுவும் கேட்காத ஒரே வார்த்தை ஆடிட். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இல்லாமல் மூன்று ஆப் கம்பெனிக்காரர்களும் உடம்பு இளைக்கிற ஊசி மருந்தைத் தர மாட்டார்கள், அதற்குத்தான் இந்தக் காலை நேரம், இந்தப் பொய், இந்த மூன்று இட்லி.

மூன்று கம்பெனி. பெயர்களெல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் நிறத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன், பச்சை, ஊதா, ஆரஞ்சு. பச்சையில் மாதம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது, பார்த்தவுடன் பரவாயில்லையே என்றுதான் தோன்றும், டாக்டர் வீடியோவில் வருவார், டயட்டீஷியன் வாரம் ஒரு தடவை பேசுவாள், எடை மெஷின் இலவசம். கடைசி வரைக்கும் விரலால் தள்ளிக்கொண்டே போனால் ஒரு நட்சத்திரக் குறி, அதற்குப் பின்னால் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் வைத்துப் படித்தால்தான் தெரிகிற பொடி எழுத்தில் மருந்து தனி. அப்புறம் எதற்கடா இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம், பேசுவதற்கா. மருந்து முதல் மாதம் ஆறாயிரம், அளவு கூடக் கூட விலையும் கூடும், சராசரி ஒன்பதாயிரம் என்று வைத்தால் வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். ஊதாவில் எல்லாம் சேர்த்து மாதம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு, வருஷத்துக்கு ஒரு லட்சத்து அறுபத்திரண்டு. ஆனால் வருஷப் பணத்தை ஒரே தடவையில் கட்டினால் பதினைந்து சதவீதம் தள்ளுபடி, ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து எழுநூறு. அப்படியென்றால் ஊதாதான் மலிவு. ஆனால் இரண்டாவது மாதமே வயிறு ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தினால் பணம் திரும்ப வராது, அப்படியென்றால் பச்சைதான் மலிவு. ஆரஞ்சில் முதல் மாதம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது, இரண்டாவது மாதத்திலிருந்து உங்கள் தேவைக்கேற்ப. என் தேவை என்னவென்று அவனுக்கு எப்படித் தெரியும். நேற்று அந்தக் கம்பெனிப் பையன் போன் செய்தபோது கேட்டேன், "எட்டாயிரத்திலேருந்து ஆரம்பம் மேம்" என்றான். ஆரம்பம் சரி, எங்கே போய் நிற்கும் என்றால், "அது உங்க பயணத்தப் பொறுத்தது மேம்" என்கிறான். வங்கியில் கடன் கேட்டு வருகிறவரிடம் வட்டி எவ்வளவு என்பதற்கு நான் இப்படிப் பதில் சொன்னால் சட்டையைப் பிடிப்பார்கள், என் விஷயத்தில் புடவையை. சுகந்தி ஊதா. அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை இப்போது நினைக்க வேண்டாம். அவள் ஊதா என்பதாலேயே ஊதாவில் சேர மனம் வரவில்லை, அவள் ஊதா என்பதாலேயே திரும்பத் திரும்ப அதைத்தான் திறக்கிறேன். திறந்தவுடன் ஒரு கேள்வி, உங்கள் இலக்கு எடை என்ன. தொண்ணூற்றொரு கிலோக்காரி என்ன எழுதுவாள், எண்பது எழுதுவாள், ரொம்ப ஆசைப்பட்டால் எழுபத்தைந்து. நான் அறுபத்திரண்டு என்று போட்டேன். சுகந்தி அறுபத்து நாலு.

சுகந்தி என் ஓரகத்தி, என் கணவருடைய தம்பி சுதாகரின் மனைவி. நான் கல்யாணமாகி வந்து நாலு வருஷம் கழித்து வந்தாள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அத்தை, என் மாமியார், கூடத்தில் உட்கார்ந்து, "பொண்ணு நல்ல பொண்ணு, என்ன, நம்ம தமயந்தி மாதிரி கொஞ்சம் பூசினாப்புல" என்றாள், சமையலறையில் நின்று அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வீட்டில் குண்டு நான் மட்டும் இல்லை. வந்த முதல் தீபாவளிக்கே தையற்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு நோட்டில் எழுதிக்கொண்டார், கை மட்டும் அவளுக்கு அரை இன்ச் நீளம். என் மாம்பழ நிறப் பட்டு ஜாக்கெட் அவள் புடவைக்கு, அவள் கறுப்பு வெல்வெட் ஜாக்கெட் என் புடவைக்கு. அத்தை எங்களைத் தூண் என்பாள், வருகிறவர்களிடம், "என் வீட்டுக்கு ரெண்டு தூண், வீடு சாயவே சாயாது" என்று சொல்லிச் சிரிப்பாள். அவர்கள் போன பிறகு சுகந்தி சமையலறையில் கையை இரண்டு பக்கமும் விறைப்பாக வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள், "அக்கா, நான் கொஞ்சம் நகந்தா மாடி விழுந்துடுமா" என்பாள், நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, மிச்ச வடையைச் சாம்பாரில் ஊறப் போட்டு, ஒருத்தி தட்டில் இன்னொருத்தி எடுத்து, ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் எங்களைப் பார்க்க மாட்டார்கள். குடும்பப் படம் எடுக்கும்போது சொல்லாமலே இரண்டு பேரும் இரண்டு ஓரத்துக்குப் போய்விடுவோம், பாதி உடம்பு ஆண்களுக்குப் பின்னால். ஓரத்தில் நின்றபடி வரிசையின் அந்தக் கோடியைப் பார்த்தால் அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள்.

கரூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவள் நடுவில் நின்றாள். இதை நான் எத்தனை தடவை நினைத்தாலும் அதே இடத்தில் வந்து இடிக்கிறது. போட்டோக்காரர் எல்லாரையும் கூப்பிட்டபோது நான் பழக்கத்தில் ஓரத்துக்குப் போய்விட்டேன், அந்தக் கோடியைப் பார்த்தேன், சித்தப்பா நிற்கிறார். அவள் நடுவில், கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில், கடல் நீலத்தில் மெல்லிசாக ஒரு புடவை. அவள் கழுத்தெலும்பை அன்றுதான் பார்த்தேன், இருபது வருஷத்தில் முதல் தடவை, அவளுக்குக் கழுத்தெலும்பு இருக்கிறது. நாலு மாதத்தில் பதினேழு கிலோ. வந்தவர்கள் எல்லாம் என்னிடம்தான் கேட்டார்கள், சுகந்தி எப்படி இளைச்சா, என்ன சாப்பிடறா, என்னவோ நான் அவளுடைய டயட்டீஷியன் மாதிரி. கேட்டுவிட்டு ஒரு நொடி என் வயிற்றைப் பார்ப்பார்கள். நானே அவளிடம் கேட்டேன், சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவுகிற இடத்தில். "கொள்ளுக் கஞ்சிக்கா, காலையில வெறும் வயித்துல, அப்புறம் கொள்ளிடக் கரையில ஒரு மணி நேரம் வாக்கிங், அவ்வளவுதான்" என்றாள், என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் மறுநாளே ஒரு கிலோ கொள்ளு வாங்கினேன். நாற்பது நாள் குடித்தேன். வங்கியில் மேனேஜர் ரூமில் நிற்கும்போது வயிறு சத்தம் போட்டது, வெட்கத்தில் பைலைத் தட்டிச் சத்தம் செய்தேன். நாற்பது நாளில் தொள்ளாயிரம் கிராம். மெஷின் சரியில்லையோ என்று பூச்செண்டு மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடந்து வெவ்வேறு தரையில் வைத்துப் பார்த்தேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுகந்தி எப்படிப் பண்ணினா, கேட்டுப் பாரேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் கரூரிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாரே, ஒரு படத்தில் விரலை வைத்துப் பெரிதாக்கினாரே, யாரைப் பெரிதாக்கினார், பெண்ணையா மாப்பிள்ளையையா, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை, பார்க்காததால் அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் விரிந்துகொண்டே இருக்கிறது.

மணி ஒன்பது ஐந்து. எதிரே டிவியில் சத்தமில்லாமல் ஒரு பெண் அல்வா கிளறுகிறாள், நெய் ஓரத்தில் பிரிந்து வருகிறது, லேபில் இதைப் போடுவார்களா. வாய் ஊறியது. ஊறினால் சர்க்கரை ஏறுமா. அப்பாவுக்கு ஐம்பதாவது வயதில் வந்தது, ஐம்பத்தெட்டில் இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள், அதற்குப் பிறகு செருப்புக் கடையில் ஒற்றைச் செருப்பை மட்டும் பெரிய அளவில் கேட்டுச் சண்டை போடுவார். எனக்கு நாற்பத்தேழு. பயம் என்று பார்த்தால் எனக்கு அதில்தான் பயம் இருக்க வேண்டும், மூன்று கம்பெனியையும் அதற்காகத்தான் நான் திறந்திருக்க வேண்டும். யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லப் போகிறேன், அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கு வந்துவிடக் கூடாதே என்று. உண்மையும்தான். ஆனால் உண்மைக்கு அறுபத்திரண்டு என்ற எண் தேவையில்லையே.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் சுகந்தி வீட்டுக்குப் போயிருந்தோம், சுதாகர் புதுக் கார் வாங்கியதற்குப் பூஜை. அத்தை அவர்களோடுதான் இருக்கிறாள். பந்தியில் தயிர் தீர்ந்துபோய் நான்தான் எடுக்கப் போனேன். பிரிட்ஜில் தயிருக்குப் பின்னால், கறிவேப்பிலை டப்பாவுக்கும் பின்னால், வாழை இலைத் துண்டில் சுற்றி ஒரு பெட்டி. பூவாக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். ஊதா ஸ்டிக்கர். உள்ளே பேனா மாதிரி. எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது, ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்பே விளம்பரத்தில் பார்த்து விலையைக் கேட்டுப் பயந்து மூடியிருந்தேன். கையில் சில்லென்று இருந்தது. ஊசி போட்டுக்கொண்டது எனக்குக் கோபமில்லை, சத்தியமாக இல்லை, அவள் உடம்பு, அவள் காசு. நாற்பது நாள் என்னைக் கொள்ளுக் கஞ்சி குடிக்க வைத்துவிட்டாளே. "எப்படிக்கா போகுது கஞ்சி" என்று வாரம் ஒரு தடவை போனில் கேட்டாளே. நான், "கொஞ்சம் லேசா இருக்குற மாதிரிதான் இருக்கு" என்றபோது, "விடாதீங்கக்கா" என்றாளே. பெட்டியைப் பழையபடி இலையில் சுற்றி வைத்தேன், தயிரை எடுத்துக்கொண்டு போய் எல்லாருக்கும் ஊற்றினேன், அவள் இலைக்கு வந்தபோது, "போதும்க்கா" என்று கையை நீட்டி மறைத்தாள், மணிக்கட்டு எவ்வளவு சின்னதாகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய்தேன். இதைத்தான் நினைக்கக் கூடாது என்று இருந்தேன், ஆனால் லேபில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் நினைக்காமல் என்ன செய்வது. போன் செய்வதற்கு முன்னால் குளியலறையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குரல் கவலையாக இருக்க வேண்டும், கோள் மாதிரி இருக்கக் கூடாது. "அத்தை, சுகந்தி ஏதோ ஊசி போட்டுக்கிறா போல, நெட்டுல வாங்கி. அவ உடம்புக்கு ஏதும் ஆகிடக் கூடாதேன்னுதான் சொல்றேன். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." அத்தை கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ சொன்னதும் நல்லதாப் போச்சு" என்றாள். வைத்துவிட்டு நான் இரண்டு தோசை ஊற்றிச் சாப்பிட்டேன், பொடியும் எண்ணெயும் தாராளமாக, அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டு மாதக்கணக்காகியிருந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், இன்றைக்கு வெள்ளி, அங்கேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சுகந்தி தினமும் காலையில் அனுப்புகிற பூப்படம்கூட வரவில்லை. அக்கறையில்தானே சொன்னேன். கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அக்கறையில்தானே. அக்கறை என்றால் சுகந்தியிடமே கேட்டிருப்பாயே. அப்படியில்லை, அவளாகச் சொல்லுவாள் என்று பார்த்தேன். அவளாகச் சொல்லவில்லையென்றால் அத்தையிடமா சொல்வது, எங்களைத் தூண் என்று சொன்னவளிடமா. திரும்பப் பச்சையைத் திறந்தேன். உபயோகித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், முதல் மாதம் குமட்டல், மலச்சிக்கல், காபி வாசனையே பிடிக்கவில்லை, ஆனால் ஒன்பது கிலோ. இன்னொருத்தி எழுதியிருக்கிறாள், பணம் கட்ட முடியாமல் நிறுத்தினேன், ஏழு மாதத்தில் போன எடை முக்கால்வாசி திரும்பிவிட்டது. அப்படியென்றால் வருஷக் கணக்கு போதாது. எத்தனை வருஷத்துக்குக் கணக்குப் போட வேண்டும், பத்தா, இருபதா. ஒரு லட்சத்து நாற்பதை இருபதால் பெருக்கிப் பார்த்துவிட்டு அழித்தேன்.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. சுகந்தி. திரையில் அவள் படம், பழைய படம், கன்னம் உப்பிய சுகந்தி, நான் மாற்றவில்லை. எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். திரும்ப அடித்தது. எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல, சொல்லு."

"ஒண்ணுமில்ல. உங்ககிட்ட பேசணும்னு தோணுச்சு." மூக்கடைத்த குரல். "அக்கா, நான் கஞ்சி குடிச்சு இளைக்கலக்கா. ஊசி போட்டுக்கிட்டேன். அத்தைக்குத் தெரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை ராத்திரி அவர்கிட்ட சொல்லிட்டாங்க. அஞ்சு நாளா வீட்டுல யாரும் யாரோடயும் பேசல."

அப்படியா என்று கேட்டிருக்க வேண்டும், ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும், அது வரவில்லை.

"என் டியூஷன் காசுலதான் வாங்கினேன். ஆறு வருஷமா ஹிந்தி சொல்லிக் குடுத்துச் சேத்தது. அவர் அதெல்லாம் கேக்கல, பெட்டியோட எடுத்துட்டுப் போய்க் குப்பை வண்டியில போட்டுட்டு வந்தார். அத்தை, யாரு பாக்கறதுக்கு இந்த வயசுல மினுக்குறன்னு கேக்கறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்து என்னையப் பாக்கறாங்கக்கா, நான் என்னமோ தப்புப் பண்ணிட்ட மாதிரி."

குப்பை வண்டியில் போட்டுவிட்டார் என்று அவள் சொன்ன நொடியில் என் மனதில் முதலில் வந்தது என்ன என்பதை நான் எழுதி வைத்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். முக்கால்வாசி திரும்பிவிடும், அதுதான் வந்தது. ஏழு மாதத்தில் திரும்பிவிடும். நெஞ்சுக்குள் எதுவோ சுகமாக உட்கார்ந்தது, வெயிலில் நடந்து வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி. அவள் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கிறாள். நான் மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர் யாராவது சொல்லியா போட்டுக்கிட்ட?" குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"டாக்டர் பாத்துத்தான் எழுதினார், வீடியோவுல. ஆனா உடம்புக்காக இல்லக்கா, உங்ககிட்ட ஏன் பொய் சொல்லணும், அழகா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு. நாப்பத்தோரு வயசு வரைக்கும் ஒரு நாள்கூட இருந்ததில்ல." மூக்கை உறிஞ்சினாள். "உங்ககிட்ட ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டேங்கிறீங்களே."

"ஏன்?"

"சொல்லியிருந்தா நீங்களும் ஆரம்பிச்சிருப்பீங்க. உங்களுக்குச் சம்பளம் இருக்கு, என்னைய விட நல்ல மருந்தா வாங்கியிருப்பீங்க. ஒரே ஒரு தடவை நான் மட்டும் இளைச்சிருக்கணும், நீங்க பக்கத்துல நிக்கணும்னு நெனச்சேன். அப்பத்தான் நான் இளைச்சது தெரியும். கேவலமா இருக்குல்லக்கா. நீங்க கஞ்சி குடிக்கிறேன்னு சொன்னப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் போன வச்சுட்டு அழுகையும் வந்துச்சு."

அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, வந்து நிற்க இடம் தேடியது, எல்லா இடத்திலும் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன். அவள் தன்னைச் சொல்கிறாளா என்னைச் சொல்கிறாளா என்று எனக்கே புரியவில்லை. பரவாயில்லை விடு என்று சொல்லலாம். சொன்னால் அவள் மனம் ஆறும், நான் பெரியவளாகிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாது. அத்தை சொல்ல மாட்டாள். வாயைத் திறந்தேன்.

"செபஸ்தியம்மாவ நிறுத்திட்டேன்க்கா" என்றாள் சுகந்தி.

செபஸ்தியம்மா அவள் வீட்டில் பதினோரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கிறவள். எங்கள் வீட்டு விசேஷங்களுக்கும் வந்து வேலை செய்திருக்கிறாள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

"ஏன்?"

"பிரிட்ஜத் தொடைக்கிறது அவதான், அவ சொல்லாம வேற யாரு சொல்லியிருப்பா. அத்தைகிட்டக் கேட்டா யாரு சொன்னா என்னங்கறாங்க. திங்கக்கிழமை காலையில வந்தா, இனிமே வராதேன்னுட்டேன். எதுக்குன்னுகூடக் கேக்கல. சோப்புத் தண்ணியக் கழுவிட்டுப் போயிட்டா. கேக்காமப் போனதுலயே தெரியலையா அவதான்னு."

மாடிப்படியில் யாரோ இறங்கி வந்தார்கள், நான் சுவரோடு ஒட்டி வழிவிட்டேன். அவர் போகிற வரைக்கும் நேரம் கிடைத்தது. நல்ல குரலில் சொல்லலாம் என்று பார்த்தேன், குளியலறையில் பழகிய அந்தக் குரலில், அது வரவில்லை.

"அவ இல்ல சுகந்தி. நான்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் குழாய் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நின்றபோதுதான் தெரிந்தது.

"எப்பப் பாத்தீங்க?"

"கார் பூஜைக்கு வந்தப்ப. தயிர் எடுக்கப் போனேன்."

"மூணு வாரமாத் தெரியுமா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேக்கல."

"என் உடம்புக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்து சொன்னீங்களா?" இதை அவள் மெதுவாகக் கேட்டாள், எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்த மாதிரி. நான் அதற்குள் நுழைந்திருக்கலாம்.

"இல்ல" என்றேன். "நீ நடுவுல நின்ன, அதான்."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பத்து பத்துக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை வலது கை, நரம்பு உடனே கிடைத்தது. அந்தப் பெண் குழாயில் பேர் எழுதிக்கொண்டே, "வெறும் வயித்து ரத்தத்துல சர்க்கரை நூத்தி முப்பத்தெட்டு இருக்கு மேடம், மாத்திரை ஏதும் போடறீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப இந்த ரிப்போர்ட்டும் வந்ததும் நேர்ல ஒரு டாக்டரப் பாத்துடுங்க" என்றாள். நூற்று முப்பத்தெட்டு. அப்பாவுக்கு முதலில் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்டதேயில்லை. "ரிப்போர்ட்ட ஏதாவது மருந்து ஆப்புக்கு அனுப்பணுமா, உங்க நம்பருக்கா?" என் நம்பருக்கு என்றேன். போனைத் திறந்தால் ஊதாவில் தள்ளுபடி இன்னும் நாற்பது நிமிடம் என்று எண் ஓடிக்கொண்டிருந்தது, கீழே அறுபத்திரண்டு. அதை அழித்தேன், அந்த இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை, அப்படியே மூடினேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் ஊசி போடு என்றால் போட வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம், எந்த நிறமாக இருந்தாலும். இதை நினைக்கும்போதே அவர் போடு என்று சொல்ல வேண்டும் என்றுதான் ஆசையாக இருந்தது.

வாசலுக்கு வந்தபோது சுகந்தியிடமிருந்து ஒரு செய்தி. ஒரு போன் நம்பர், அதற்குக் கீழே, நீங்களே பேசுங்க. படியிலேயே நின்று கூப்பிட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது, வேறு வீட்டில் வேலையில் இருந்தாள்.

"செபஸ்தியம்மா, நான் தமயந்தி. சுகந்தியோட ஓரகத்தி, உறையூர்."

"சொல்லுங்கம்மா."

"அந்த ஊசி விஷயம் நீ சொன்னேன்னு நெனச்சு உன்னைய நிறுத்திட்டா. சொன்னது நான்."

"ஊசியா?" என்றாள். யோசித்தாள். "ஓ, அதுக்கா. நான் வேற ஏதோன்னு நெனச்சேன். அவங்க நகை ஏதும் காணாமப் போச்சோன்னு அஞ்சு நாளாத் தூங்கலம்மா." பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். "வாராவாரம் அந்த ஊசிமுனை குப்பையில வரும். குப்பை அள்ளுற புள்ளைங்க கையில குத்திடக் கூடாதுன்னு நான்தான் காகிதத்துல சுத்திக் கட்டிப் போடுவேன். ஆறேழு மாசமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"அவங்க ஒளிச்சு வச்சிருக்காங்க, அத நான் ஏம்மா சொல்றேன்?" சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்ப நான் நாளைக்கு வரலாமாம்மா?"

"வரலாம்."

"நீங்க சொன்னாப் பத்தாதும்மா. அவங்க வாயால கூப்பிடணும். அவங்க மாமியார் முன்னாடிதான் போகச் சொன்னாங்க."

ஆட்டோவில் ஏறி ஸ்ரீரங்கம் என்றேன். வங்கிக்கு அரை நாள் லீவு சொன்னேன். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தது, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன், அத்தை, அன்னைக்கு நான் சொன்னது அக்கறையில இல்ல. பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஒத்திகை பார்த்தால் நன்றாகச் சொல்லிவிடுவேன், நன்றாகச் சொன்னால் திரும்பவும் நான்தான் நல்லவள்.

சுகந்திதான் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. வாங்கக்கா என்று சொல்லவில்லை.

"அத்தை பூஜையில இருக்காங்க" என்றாள்.

"முடியட்டும். அவங்ககிட்டத்தான் பேசணும். செபஸ்தியம்மாவ நீ அவங்க முன்னாடி போன்ல கூப்பிடணும்."

அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து கூடத்தில் போட்டாள். ஒன்றுதான். நான் அதில் உட்காரவில்லை, அவளும் உட்காரவில்லை. நாற்காலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான், பூஜையறையில் மணிச் சத்தம் நிற்கட்டும் என்று இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.